பத்தாவதுக்குப் பிறகு மிஷின் படிப்பு: டிப்ளமோவா, ஐடிஐயா, ப்ளஸ் டூவா?

ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலேயே அக்கா போன் செய்தாள். "மிஷின் படிப்புதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்டா. பாலிடெக்னிக்ல போட்டுடலாமா, இல்ல ப்ளஸ் டூவே போகட்டுமா? உங்க மச்சான் ஐடிஐ போதும்ங்கறாரு." பையனுக்கு 15 வயது. அரசுப் பள்ளி. கணக்கில் 61. மச்சானுக்கு விசைத்தறி வேலை. நூல் விலை ஏறினால் வீட்டு வருமானம் இறங்கிவிடும்.

நான் டி.எம்.இ. (மெக்கானிக்கல் டிப்ளமோ) முடித்தவன். கோவையில் வால்வு, பம்ப் பாகங்கள் கடையும் பட்டறைகளிலேயே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. உறவில் யார் வீட்டில் பத்தாவது ரிசல்ட் வந்தாலும் இந்தக் கேள்வி என் போனுக்கு வந்துவிடும். அக்காவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. 15-ல் பத்தாவது முடிக்கிற பையன் ப்ளஸ் டூ போனால் 17, அதன்பின் நான்கு வருட பி.இ. என்றால் 21. அதே பையன் பாலிடெக்னிக் போனால் மூன்று வருடத்தில் 18. அங்கிருந்து லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்பதால் இன்னும் மூன்று வருடம், அதுவும் 21. இரண்டு வழியிலும் ஒரே வயதில்தான் பட்டம். "பாலிடெக்னிக் போனா ஒரு வருஷம் வீண்" என்று சொல்லும் பெரியப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விரல் விட்டு எண்ணிக் காட்டினால் போதும்.

ஐடிஐ இரண்டு வருடம், 17. அங்கிருந்தும் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம்: 19-ல் டிப்ளமோ, விருப்பப்பட்டால் 22-ல் பி.இ. ஒரு வருடம் கூடுதல், ஆனால் கையில் ஒரு சான்றிதழும் கூடுதல்.

ஆக, கடைசியில் எல்லா வழியும் பி.இ.க்குப் போகக்கூடியவைதான். நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் கையில் என்ன இருக்கும் என்பதில்தான் வித்தியாசம். அப்பாவுக்கு உடம்புக்கு ஆகாமல் போகலாம், தறி நிற்கலாம், அக்கா கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருக்கலாம். 18 வயதில் படிப்பு நின்றால், ப்ளஸ் டூ வழியில் போனவனிடம் இருப்பது ஒரு மதிப்பெண் பட்டியல். டிப்ளமோக்காரனிடம் வேலைக்கு ஆகிற ஒரு படிப்பு இருக்கும். ஐடிஐக்காரன் அதற்கு ஒரு வருடம் முன்பே சம்பளம் வாங்க ஆரம்பித்திருப்பான். எங்கள் மாதிரி வீடுகளில் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும். மாதச் சம்பளம் தவறாமல் வருகிற வீட்டுக்கு இது அவ்வளவு முக்கியமில்லை. அவர்கள் ப்ளஸ் டூவுக்கே அனுப்பலாம்.

ஒரு துளை, மூன்று ஆள்

மூன்று படிப்புக்கும் பட்டறையில் என்ன வித்தியாசம் என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. பெற்றோர் கேட்பது சம்பளத்தை மட்டும்தான்.

வரைபடத்தில் 25 எச்7 என்று ஒரு துளை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளை 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது, 25.021-ஐத் தாண்டவும் கூடாது. விளையாட இடம் 21 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 21 பங்கு), தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. காலையில் இருந்து சரியாக வந்துகொண்டிருந்த துளை பதினோரு மணிக்கு மேல் மெல்லச் சிறுத்துக்கொண்டே போகிறது.

ஐடிஐ முடித்த ஆபரேட்டருக்கு இது காதிலேயே தெரிந்துவிடும். போரிங் பார் (துளையைக் கடையும் தண்டு) உள்ளே போகும்போது சத்தம் மாறும். அதில் மாட்டிய இன்சர்ட்டின் (வெட்டும் துண்டு) முனை தேய்ந்துவிட்டது, தேய்ந்தால் துளை சிறுக்கும். துளை அளக்கும் போர் கேஜை விட்டுப் பார்த்துவிட்டு, வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத்தைச் சரிக்கட்ட மிஷினில் போடும் அளவு) 10 மைக்ரான் கூட்டுவான், அடுத்த பீஸ் சரியாக வரும். இன்னும் எத்தனை பீஸ் ஓடினால் இன்சர்ட்டைத் திருப்ப வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தராது. ஆயிரம் பீஸ் ஓட்டியவன் கைக்கு வருவது.

டிப்ளமோ முடித்த சூப்பர்வைசர் அன்றைய அளவுகளை வாங்கிச் சார்ட்டில் வைத்துப் பார்க்கிறான். தேய்மானத்தோடு இன்னொன்றும் தெரிகிறது: ஒவ்வொரு டீ பிரேக்குக்குப் பிறகும் முதல் நாலைந்து பீஸ் தனியாக விலகி நிற்கின்றன. நிறுத்திவைத்த மிஷின் ஆறுகிறது, ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) மறுபடி சூடேறும்வரை அளவு நகர்கிறது. டீக்குப் போய் வந்தால் இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அப்புறம் பீஸ் மாட்டு என்று ஒரு வரி எழுதி மிஷினில் ஒட்டுகிறான். ரிஜக்ஷன் குறைகிறது.

பி.இ. படித்தவன் வேலையைச் சரியாகச் செய்தால், இந்தத் துளைக்கு எச்7 தேவைதானா, அந்த ஆபரேஷனை ரீமருக்கு (துளையைத் துல்லியமாக்கும் கருவி) மாற்றலாமா, பாகத்தைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரை மாற்றி ஒரே பிடியில் இரண்டு துளையும் போடலாமா என்று யோசித்து, கஸ்டமரிடம் பேசி வரைபடத்தையே மாற்றி வாங்கி வருவான். சரியாகச் செய்தால் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பி.இ. முடித்து வந்து மைக்ரோமீட்டரை (நுண்ணளவு பார்க்கும் கருவி) சி-கிளாம்ப் மாதிரி இறுக்கிப் பிடித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மூன்றில் எது உனக்குப் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். "அந்த டீ பிரேக் விஷயம் நல்லாருக்கு மாமா" என்றான். என்னைப் பொறுத்தவரை பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

டிப்ளமோ என்றால் எந்த டிப்ளமோ

பாலிடெக்னிக் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே மூன்று வகை இருக்கிறது, மூன்றும் வேறு வேறு வாழ்க்கை.

வழக்கமானது மூன்று வருடம், ஆறு செமஸ்டர், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் பாடத்திட்டம். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். தனியாரில் பத்து மடங்குக்கும் மேல் போகலாம். முதல் வருடம் எல்லோருக்கும் பொதுவாகக் கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம். தமிழ்வழியில் படித்து வந்த பையன்கள் அரியர் வைக்கிற இடம் இதுதான். இரண்டாம் வருடத்தில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் இன்னொரு பள்ளம். அரியரோடு மூன்று வருடத்தை முடித்தவனுக்கு லேட்டரல் என்ட்ரியும் கிடையாது, நல்ல கேம்பஸும் கிடையாது. ஆகவே டிப்ளமோவின் மதிப்பு முதல் இரண்டு செமஸ்டரிலேயே ஏறக்குறைய தெரிந்துவிடும்.

அடுத்தது சாண்ட்விச். மூன்றரை வருடம், ஏழு செமஸ்டர். அதில் ஒரு பகுதி, இரண்டு தவணையாக, கம்பெனிக்குள் பயிற்சியாகவே கழியும். ஆவடியில் உள்ள முருகப்பா பாலிடெக்னிக் இதற்குப் பேர் போனது. என் அனுபவத்தில் இரண்டு டிப்ளமோ பையன்கள் இன்டர்வியூவுக்கு வந்தால் சாண்ட்விச் படித்தவனை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். கேட்ட கேள்விக்குப் புத்தகத்தில் இருந்து பதில் சொல்ல மாட்டான், "எங்க லைன்ல அப்படிப் பண்ணுவோம் சார்" என்பான். ஆனால் அந்த அரை வருடத்துக்கு ஒரு விலை உண்டு. பி.இ. வகுப்புகள் ஆண்டு நடுவில் தொடங்குகின்றன; சாண்ட்விச் முடித்தவன் அதுவரை காத்திருக்க வேண்டும். கணக்கு 22-க்குப் போய்விடும். அந்த இடைவெளியில் வேலைக்குப் போய்ச் சம்பளம் பார்த்தவன் திரும்பப் படிக்க வருவதும் அபூர்வம். வேலைதான் இலக்கு என்றால் சாண்ட்விச், பி.இ. நிச்சயம் என்றால் வழக்கமானதே போதும்.

மூன்றாவது, டூல் அண்டு டை, அதாவது பாகங்களை உருவாக்கும் அச்சுகளையும் கருவிகளையும் செய்யும் படிப்பு. எனக்கு இதன்மேல் ஒரு பொறாமை உண்டு, நான் படிக்கவில்லையே என்று. திண்டுக்கல்லில் டூல் இன்ஜினியரிங்குக்கென்றே அரசு நிறுவனம் இருக்கிறது. மத்திய எம்எஸ்எம்இ (சிறு, குறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகத்தின் சிஐடிடி என்ற டூல் டிசைன் நிறுவனத்துக்கு ஹைதராபாத் தலைமையகம், சென்னையில் கிளை; அங்கே டூல், டை, மோல்டு டிப்ளமோ நான்கு வருடம். 1959-ல் கேரளத்தின் தலச்சேரி அருகே நெட்டூரில் சுவிஸ் உதவியோடு தொடங்கிய என்டிடிஎஃப் இன்று பல ஊர்களில் இருக்கிறது. பிளாஸ்டிக் மோல்டு பக்கம் போக நினைத்தால் கிண்டியில் மத்திய அரசின் சிபெட் நிறுவனம். பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோக்கள் அங்கே உண்டு.

இங்கெல்லாம் முதல் மாதங்களில் பையனிடம் மிஷினையே கொடுக்க மாட்டார்கள். ஒரு எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) கட்டையும் அரமும்தான். வைஸில் பிடித்து ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தால் ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடி ராவு. உள்ளங்கை கொப்பளிக்கும், நாலு பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிஞ்சியவர்களுக்குத் தட்டை என்றால் என்ன, செங்கோணம் என்றால் என்ன என்பது கையில் பதிந்துவிடும். அதன்பிறகு கிரைண்டிங், ஈடிஎம், வயர்கட் (இரண்டும் மின்பொறியால் உலோகத்தை வெட்டுபவை) எதைக் கொடுத்தாலும் அவன் கண் ஏமாறாது. டை செய்யத் தெரிந்தவனுக்கு ஓசூரிலும் கோவையிலும் வேலை தேட வேண்டியதில்லை. ஆனால் காலை ஷிஃப்ட் மாதிரி நேரம், கறாரான அட்டெண்டன்ஸ், கூடுதல் கட்டணம், பெரும்பாலும் ஹாஸ்டல். பையனுக்குப் பொறுமை இல்லையென்றால் இந்தப் பக்கமே போகக் கூடாது. நுழைவுத் தேர்வும் கடைசித் தேதியும் வேறு, பல இடங்களில் பாலிடெக்னிக் சேர்க்கைக்கு முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வந்தபின் யோசித்தால் வாய்ப்பு போய்விட்டிருக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் கேட்காதவர்கள் இல்லை: "மெக்கானிக்கலா, புரொடக்ஷனா?" பாடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. புரொடக்ஷனில் ஜிக்ஸ், ஃபிக்ஸ்சர், பிராசஸ் பிளானிங், குவாலிட்டி கொஞ்சம் தூக்கல், தெர்மல் குறைவு. ரயில்வே ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) மாதிரி தேர்வுகளில் மெக்கானிக்கலோடு புரொடக்ஷன், மேனுஃபேக்சரிங், டூல் அண்டு டை எல்லாவற்றையும் சேர்த்தே தகுதியாகப் போடுகிறார்கள். ஆனால் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒட்டும் நோட்டீஸில் "டி.எம்.இ. ஃப்ரெஷர் தேவை" என்றுதான் இருக்கும், வாசலில் நிற்கிற எச்ஆருக்கும் அந்த மூன்று எழுத்துதான் தெரியும். ஒரே கல்லூரியில் இரண்டும் கிடைத்தால் மெக்கானிக்கல் எடுப்பதே சௌகரியம். புரொடக்ஷன் இருக்கும் கல்லூரியின் ஒர்க்ஷாப் நன்றாக இருந்தால் பேரைப் பார்க்காமல் சேரலாம்.

ஐடிஐ: கூச்சத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால்

மச்சான் சொன்னதை அக்கா காதிலேயே வாங்கவில்லை. "ஐடிஐன்னு வெளியில எப்படிடா சொல்றது?" என்றாள். தமிழ்நாட்டில் ஐடிஐக்கு இருக்கிற ஒரே பெரிய குறை இதுதான் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர், டூல் அண்டு டை மேக்கர் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ். 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்தும் திட்டத்தில் ரோபோ, சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் மிஷின்), சேர்க்கை உற்பத்தி (3டி பிரிண்டிங்) என்று புது மிஷின்கள் வந்திறங்கியிருக்கின்றன. நம் ஊர் தனியார் பாலிடெக்னிக் பலவற்றில் அந்த மிஷின்களைப் போஸ்டரில்தான் பார்க்கலாம். பெரம்பூர் ஐசிஎஃப், திருச்சி பெல் போன்ற இடங்களின் அப்ரண்டிஸ், ரயில்வேயின் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் தேர்வுகள் எல்லாவற்றுக்கும் ஐடிஐ வாசல் திறந்திருக்கிறது.

அப்ரண்டிஸ் உதவித்தொகையில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2019-ல் திருத்திய விதிகளில் குறைந்தபட்சமாக வைத்தது ஐடிஐக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டு வருடம் படித்தவனுக்கும், பத்தாவதுக்குப் பின் ஆறு வருடம் படித்தவனுக்கும் தொடக்கத்தில் சட்டம் வைத்த தூரம் இரண்டாயிரம் ரூபாய். நல்ல கம்பெனிகள் இதைவிட அதிகம் தருகின்றன, அது வேறு. ஆனால் 1961-ன் அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை, பி.எஃப்.பும் கிடையாது என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. "பெரிய கம்பெனியில வேலை கிடைச்சிருச்சு" என்று ஊருக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்துப் பையன் பெட்டியோடு திரும்பி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஐடிஐயின் உண்மையான குறை வேறு. ஆபரேட்டர், அப்புறம் செட்டர் (மிஷினை வேலைக்கு அமைத்துக் கொடுப்பவன்), அப்புறம் சீனியர் செட்டர். முப்பத்தைந்து வயதில் அங்கே நின்றுவிடும். மேலே உள்ள நாற்காலிக்கு டிப்ளமோ என்று எழுதிவைத்திருப்பார்கள், இவன் அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கே மிஷின் செட்டிங் சொல்லித் தந்திருந்தாலும். ஆகவே ஐடிஐ போகிறவன் லேட்டரலில் டிப்ளமோவுக்குப் போவதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அப்படி வருகிறவர்களுக்குச் செய்முறை எல்லாம் தண்ணி பட்ட பாடு. முதல் வருடக் கணக்கும் ஆங்கிலமும் படிக்காமல் வருவதால் தியரியில் திணறுவார்கள். சமாளித்து வந்தவர்கள்தான் நான் பார்த்ததிலேயே நல்ல சூப்பர்வைசர்கள்.

ப்ளஸ் டூ வழி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்த பாதை. ஒன்றை மட்டும் பலர் கவனிப்பதில்லை. பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். பத்தாவதோடு பாலிடெக்னிக் போகிற அரசுப் பள்ளி மாணவன் அந்த வாய்ப்பை விட்டுவிட்டுத்தான் போகிறான். கணக்கில் 90 வாங்குகிற அரசுப் பள்ளிப் பையன் ஒருவன் என்னிடம் யோசனை கேட்டால், மிஷின் ஆசை இருந்தாலும் ப்ளஸ் டூவுக்கே போகச் சொல்வேன். நான்கு வருடம் காசில்லாமல் நல்ல கல்லூரியில் படிக்கிற வாய்ப்பைவிட டிப்ளமோ பெரிதில்லை. என்ஐடி திருச்சியிலும், கோவை ஜிசிடி, பி.எஸ்.ஜி. டெக்கிலும் புரொடக்ஷன் இன்ஜினியரிங் என்றே பட்டப்படிப்பு இருந்து வந்திருக்கிறது. ஆசையை அங்கே போய் தீர்த்துக்கொள்ளலாம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோ, ஐடிஐக்கும் உண்டு என்பதால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

61 வாங்கியவன் கதை வேறு. ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்ந்து கட்ஆஃப் எங்கே நிற்கும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. கிடைப்பது ஊர் ஓரத்துத் தனியார் கல்லூரியில் ஒரு மெக்கானிக்கல் சீட்டாக இருக்கும். எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் ஓடுவதால் மெக்கானிக்கல் சீட்டுகள் காலியாகவே கிடக்கின்றன. அதே கல்லூரி ஒரு வருடம் கழித்து லேட்டரலில் வருகிறவனையும் இரு கை நீட்டி வரவேற்கும்.

லேட்டரல் என்றதும் எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் மெக்கானிக்கலுக்கு மூன்றாம் செமஸ்டரில் டிரான்ஸ்ஃபார்ம்ஸ், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ் வருகிறது. முதல் வருடக் கணக்கு இரண்டையும் படிக்காத டிப்ளமோ பையன் நேராக அதில் போய் விழுவான். சேர்வதற்கு முன் கிடைக்கிற இரண்டு மாத விடுமுறையில் இன்டக்ரேஷனை உட்கார்ந்து போட்டவன் தப்பிப்பான். இன்னொன்று: வேலை பார்த்துக்கொண்டே ஏ.எம்.ஐ.இ. (பி.இ.க்கு இணையாக இருந்த தனித்தேர்வு) முடித்துவிடலாம் என்று சொல்கிற பழைய ஆட்களை நம்ப வேண்டாம். 2013 மே 31 வரை பதிவு செய்தவர்களோடு அந்தப் படிப்புக்கான பி.இ. இணை அங்கீகாரம் நின்றுபோனது. இப்போது வேலையில் இருப்பவர்களுக்கென்று தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ அனுமதித்திருக்கிற பி.இ. வகுப்புகள் சில கல்லூரிகளில் நடக்கின்றன, வழி அதுதான்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது

நான் படித்த கல்லூரியில் ஒரு சிஎன்சி லேத் இருந்தது. மூன்று வருடத்தில் அதன் கதவைத் திறந்து நான் பார்த்தது இரண்டு முறை: ஒன்று இன்ஸ்பெக்ஷன் வந்தபோது, இன்னொன்று ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், டூல் மாற்றும் கட்டளை கொடுத்தால் டரட் (டூல்கள் மாட்டிய தலை) சுற்றும் என்பது கூடத் தெரியாமல் பயந்து பின்னால் குதித்தேன். ஆபரேட்டர் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் அட்மிஷன் அறையில் உட்கார்ந்து பேசியது போதும் என்று வந்துவிடாதீர்கள். ஒர்க்ஷாப்புக்குள் போகக் கேளுங்கள். உள்ளே போனதும் மூக்கு வேலை செய்யட்டும்: கூலன்ட் வாசனை அடிக்கிறதா? லேத்துக்கு அடியில் ட்ரேயில் சுருள் சுருளாகச் சிப்ஸ் கிடக்கிறதா? சுத்தமாகத் துடைத்துப் பளபளவென்று இருக்கிற ஒர்க்ஷாப்பை நான் நம்ப மாட்டேன். சிஎன்சி என்று காட்டுவது மெழுகையும் அலுமினியத்தையும் கீறுகிற ட்ரெய்னர் மிஷினா, கம்பெனியில் இருப்பது மாதிரி இரும்பு கடைகிற மிஷினா என்று பாருங்கள். நான்காம் செமஸ்டர் பையன் யாராவது கிடைத்தால் ஒரு மைக்ரோமீட்டரைக் கொடுத்து எதையாவது அளக்கச் சொல்லுங்கள். இறுக்கம் மீறாமல் நழுவிக்கொடுக்கும் நுனித் திருகான ராட்செட்டைப் பிடித்துச் சுற்றுகிறானா, திம்பிளைப் (உருளைப் பிடி) பிடித்து முறுக்குகிறானா? அந்தக் கல்லூரியின் மூன்று வருடம் அந்த விரல்களில் இருக்கும்.

பிளேஸ்மென்ட் பட்டியலிலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "நூறு பேர் பெரிய கம்பெனி" என்றால் என்ன வேலை? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் டிப்ளமோ படித்தவர்களைக் கன்வேயரில் நிறுத்தி நாள் முழுக்க அதே நாலு போல்ட்டை இறுக்கச் சொல்கிற ட்ரெய்னி வேலைகள் நிறைய. பஸ் வரும், கேன்டீன் சாப்பாடு நன்றாக இருக்கும் (உண்மையிலேயே நன்றாக இருக்கும்), இரண்டு மூன்று வருடத்தில் காலம் முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். வெளியே வருகிறவனுக்கு இன்சர்ட்டும் தெரியாது, வரைபடமும் மறந்திருக்கும். கணபதியிலோ குறிச்சியிலோ அம்பத்தூரிலோ முப்பது மிஷின் ஓடுகிற ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் அதே இரண்டு வருடம் இருந்தவன், சம்பளம் குறைவாக வாங்கியிருந்தாலும், எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். டிப்ளமோ சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேரின் பிரச்சினை டிப்ளமோ அல்ல, முதல் இரண்டு வருடம் நின்ற இடம்.

அக்காவுக்குப் போட்டுக் கொடுத்த வரிசை

சனிக்கிழமை பையனைப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு டவல் பின்னும் (துல்லியமாகக் கடைந்த சிறு இரும்பு உருளை) மைக்ரோமீட்டரும் கொடுத்தேன். மூன்று முறை அளந்தான், மூன்று அளவு வந்தது. "மாமா, இது ரிப்பேரா?" என்றான். இல்லை என்றேன். ராட்செட்டைக் காட்டிக் கொடுத்த பிறகு, நான் டீக்குக் கூப்பிட்டும் வராமல், அளவு ஒரே மாதிரி வரும்வரை நின்றுகொண்டிருந்தான்.

அன்று ராத்திரி அக்காவுக்கு எழுதி அனுப்பிய வரிசை இது. முதலில் அரசு பாலிடெக்னிக் மெக்கானிக்கல், வீட்டில் இருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில். அடுத்தது திண்டுக்கல் டூல் இன்ஜினியரிங், ஹாஸ்டலில் விட அக்காவுக்கு மனசு வந்தால். மூன்றாவது, கோவை அரசு ஐடிஐயில் மெஷினிஸ்ட் அல்லது டர்னர், இரண்டு வருடம் கழித்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. நான்காவது இடத்தில்தான் தனியார் பாலிடெக்னிக். அதுவும் ஒர்க்ஷாப்பை நான் வந்து பார்த்த பிறகு.

மூன்றும் நான்கும் இடம் மாறியிருக்கிறதா என்று அக்கா உடனே போன் செய்து கேட்டாள். மாறவில்லை என்றேன். பின்னால் மச்சான் சிரிக்கிற சத்தம் கேட்டது. திங்கட்கிழமை பையனே போய் அரசு பாலிடெக்னிக்குக்கும் ஐடிஐக்கும் இரண்டு விண்ணப்பமும் போட்டுவிட்டு வந்தான். சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் எழுத்து மாறியிருப்பதை இப்போது தாலுகா ஆபீஸில் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.